சமையல்காரரின் ரத்தம்

ஜூன் 3

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நலம் என்று எழுதினால் நம்பமாட்டாய். நலமில்லை என்று எழுதினால் உனக்குச் சிரிப்பு வரும். அதனால் இடுப்பைத் தவிர மற்ற பாகங்கள் நலம். நீ போய்ச் சேர்ந்தாயா, தலைக்கு மேல் கூரை என்று ஏதாவது இருக்கிறதா என்று எழுது.

நீ பஸ் ஏறிய அன்று நான் அழுதேன் என்று பக்கத்து வீட்டுக்காரி தெரு முழுக்கச் சொல்லி வருகிறாளாம். அழவில்லை, கண்ணில் தூசி. அப்படியே அழுதிருந்தாலும் உனக்காக இல்லை. என் நல்ல டார்ச் லைட்டை நீ கொண்டுபோய்விட்டாய். பல் ஆட ஆரம்பித்த வயதில், காட்டுக்குள் ரோடு போடுகிறவர்களுக்குக் கம்பவுண்டராகப் போகிறேன் என்று கிளம்புகிறவனை என்னவென்று சொல்வது? ஊரில் உள்ள பின்பக்கங்களுக்கெல்லாம் ஊசி போட்டு முடித்துவிட்டாயா?

ஒரு வேடிக்கை கேள். உங்கள் கேம்ப்பில் காய்ச்சல் வந்தவர்களின் ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி வாரா வாரம் தபால் பையில் அனுப்பச் சொல்லியிருக்கிறார்களே, அது வந்து சேரப்போவது எங்கள் லேப்புக்குத்தான். "உன் தம்பி சரக்கை நீயே பார்த்துக்கோ" என்றார் எங்கள் லேப் பெரியவர். சொல்லி முடித்த கையோடு நாற்காலியில் தூங்கிவிட்டார். ஆக, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் ஊரார் ரத்தத்தைப் பார்த்துப் பிழைக்கிற நான், இனி காட்டு ரத்தத்தையும் பார்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்கிறேன். உன் அத்தானுக்கு மலேரியா வந்தபோது அவர் ஸ்லைடைப் பார்த்தவள் நான்தான். யாருடையது என்று தெரியாது. "இந்த ஆள் பிழைக்கிறது கஷ்டம்டி" என்று பக்கத்து மேஜைக்காரியிடம் சொல்லிவிட்டுத்தான் ஓரத்தில் எழுதியிருந்த பேரைப் பார்த்தேன். என் வீட்டு ரத்தத்தை இந்தக் கண் இன்னொரு தடவை பார்க்காது. கொசுவலைக்குள்தான் படுப்பேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறாய். தலை இன்னும் வலிக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

ஜூன் 14

ஒற்றைக்கண்ணி அக்காவின் சமூகத்துக்கு, தம்பி எழுதிக்கொண்டது.

இங்கே நான் சுகம். அங்கே நீயும் உன் இடுப்பும் சுகமாக இருக்க வேண்டும். கூரை இருக்கிறது. அதில் ஓட்டையும் இருக்கிறது. மழை பெய்தால் கூரைக்கு வெளியே போய் நின்றால் கொஞ்சம் குறைவாக நனையலாம்.

கேம்ப் என்றால் ஆற்றுக்கு இந்தப் பக்கம் தகரக் கொட்டகைகள், அந்தப் பக்கம் உலகம். நடுவில் ஒரு மரப்பாலம். மேஸ்திரி, கல் உடைக்கிறவர்கள், மண் வெட்டுகிறவர்கள், சமையல்காரர், அப்புறம் நான். சமையல்காரருக்குப் பட்டப்பேர் அண்டா. ஆளைப் பார்த்தால் காரணம் கேட்கமாட்டாய். "சார், கொசு எல்லாரையும் கடிக்குது, என் பக்கம் வர்றதே இல்லையே?" என்று என்னிடம் ஒரு நாள் வருத்தப்பட்டார். "உங்க மேல உக்காந்தா எண்ணெயில வழுக்கி விழுந்துடும் அண்ணே" என்றேன். அன்று முதல் எனக்குச் சாப்பாட்டில் உப்பு குறைகிறது.

கொசுவைப் பற்றி உனக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலைதான், ஆனாலும் கேள். ரோட்டுக்கு மண் வேண்டும் என்று பள்ளம் வெட்டுகிறோம். பள்ளத்தில் மழை நிரம்புகிறது. வெயில் படுகிற தெளிந்த தண்ணீர். நம் அம்மணிக்குச் சாக்கடை ஆகாது, இந்த மாதிரி தண்ணீர்தான் வேண்டும். வந்து முட்டை வைத்துவிட்டுப் போகிறாள். புழுக்கள் தண்ணீர் மட்டத்தோடு மட்டமாகப் படுத்தே கிடக்கின்றன, லீவு நாள் ஆபீசர் மாதிரி. ஆக, நாங்கள் போடுவது ரோடு இல்லை அக்கா, பிரசவ ஆஸ்பத்திரி. ரோடு அதில் ஒரு உபதொழில்.

உட்காருகிற அழகைப் பார்க்க வேண்டும். தலையைக் குனிந்து, பின்பக்கத்தைத் தூக்கி, கும்பிடு போடுகிற மாதிரி உட்காருகிறாள். கும்பிட்டுக்கொண்டே குத்துகிறாள். நம் பெரிய மாமா ஞாபகம் வந்தது.

வலைக்குள்தான் படுக்கிறேன். டார்ச் லைட் நன்றாக எரிகிறது.

பணிவுள்ள,
ஊசிக்காரத் தம்பி

ஜூன் 25

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம், எங்கள் மருந்து ஸ்டோர்க்காரரைத் தவிர. அவருக்குச் சர்க்கரை வியாதி. அவர் வீட்டுக்காரி தினம் டிபன் கேரியரில் வேகவைத்த இலைதழையாகக் கொடுத்தனுப்புகிறாள். மனுஷன் மருந்து அலமாரிக்குள் ஒரு மிட்டாய் டப்பா வைத்திருக்கிறார். நான் பார்த்துவிட்டேன். பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். அதிலிருந்து எனக்கு மட்டும் கையுறை புதுசாக வருகிறது.

உன் முதல் பெட்டி வந்தது. ஸ்லைடு ஓரத்தில் பேருக்குப் பதில் 'கல்', 'மண்', 'மேஸ்திரி' என்று தொழிலை எழுதி அனுப்புகிறாயே, நாளைக்கு 'அழுகுணி', 'குறட்டை' என்றும் வரும் போலிருக்கிறது. ஆனால் கைவேலை சுத்தம். ரத்தப் படலம் நாக்கு மாதிரி நேராக, நுனியில் மெலிந்து, பக்கத்து மேஜைக்காரியே "யாருடி இழுத்தது?" என்று கேட்டாள். என் தம்பி என்று சொல்லிப் பெருமை அடித்தேன். வேறு எதற்கும் உன்னைச் சொல்லிப் பெருமை அடித்ததில்லை, குறித்துக்கொள்.

நான்கு பேருக்கு இருக்கிறது. நல்லவேளை, எல்லாம் சாது வகை. வழக்கமான மாத்திரைக்குக் கேட்கும். ஈரலில் கொஞ்சம் தூங்கிவிட்டு, மாசக்கணக்கில் கழித்து, கடன் கேட்கிற சொந்தக்காரன் மாதிரி மறுபடி வரும், அவ்வளவுதான். எனக்குப் பயம் அந்த முரட்டு வகை. அது ரத்தத்தில் கொஞ்சம்தான் தலை காட்டும். மிச்சமெல்லாம் மூளை நரம்போரத்து ரத்தக் குழாய்களில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நான் கண்ணால் பார்ப்பது வாசலில் கிடக்கும் செருப்புதான். உள்ளே எத்தனை பேர் என்று செருப்பை வைத்து ஊகிக்க வேண்டும். அத்தானுக்கு அந்த வகை.

வலை கிழிந்திருந்தால் தைத்துக்கொள். சோம்பேறித்தனமாக முடிச்சுப் போடாதே.

அக்கா

ஜூலை 8

அக்கா,

நலம். நலமா?

பாலம் போய்விட்டது. ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் ஆறு மட்டும் இருக்கிறது. மரத்துக்கு மரம் இரும்புக் கம்பி கட்டி, அதில் ஒரு கூடையை மாட்டிவிட்டிருக்கிறார்கள். தபால் பை தாங்கும், அரிசி மூட்டை தாங்கும். ஆள் தாங்காது. அண்டா ஏறிப் பார்க்கிறேன் என்றார். கம்பியே கையெடுத்துக் கும்பிட்டது.

இந்த வாரம் ஸ்லைடு அதிகம். கல் உடைக்கிற அம்மா ஒருத்திக்கு நல்ல காய்ச்சல். ஏழு மாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டே கல் மேல் உட்கார்ந்திருக்கிறாள். புருஷன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான், கரையில் நின்று கத்துகிறான், இவளுக்கு ஒன்றும் கேட்பதில்லை. 'கல்' என்று எழுதியிருக்கிறேன். இன்னொன்று 'சமையல்' என்று இருக்கும். கொசு கடைசியில் அண்டாவிடமும் வழுக்காமல் உட்கார்ந்துவிட்டது போல. வழக்கமான மாத்திரை கொடுத்தால் இரண்டு நாள் அடங்குகிறது, மறுபடி குளிர் தூக்கிப் போடுகிறது. இரண்டு பேருக்குமே அப்படித்தான்.

கை கொஞ்சம் ஆடுகிறது, எழுத்து கோணினால் மன்னித்துக்கொள். மேஜைக்குக் கால் சரியில்லை.

தம்பி

ஜூலை 12

தம்பிக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை, இருந்தாலும் விசாரிக்கிறேன். நீ நலம்தானே? இந்தக் கேள்விக்கு மட்டும் தனியாகப் பதில் எழுது.

இரண்டு பேருக்கும் முரட்டு வகை. கல் உடைக்கிற அம்மாவுக்கு ஓரளவு. சமையல்காரருக்கு அதிகம். ஒரே ரத்த அணுவுக்குள் இரண்டு மூன்று கிருமி மோதிரம் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பழைய மாத்திரை அதை அமுக்கும், கொல்லாது. கொயினா மாத்திரைதான் வேண்டும்.

ஸ்டோருக்குப் போனேன். "ஒரே ஒரு ஆளுக்குத்தான் இருக்கு. அடுத்த சரக்கு வர்றதுக்கு மாசம் ஆகும்" என்றார். மிட்டாய் டப்பாவைப் பார்த்தேன். "சத்தியமா இவ்வளவுதான்மா" என்று ஒரு அலமாரியைத் திறந்து காட்டினார். இன்னொரு அலமாரி பூட்டியிருந்தது. அது மேலிடத்துக்காம். ஒரு ஆளுக்கு உள்ளதை இந்தப் பையில் வைத்திருக்கிறேன்.

பாதிப் பாதியாகப் பிரிக்காதே. இரண்டு பேருக்கும் பிரயோஜனப்படாது, கிருமிக்குத்தான் பழக்கமாகும். எண்ணிக்கையை வைத்துச் சொன்னால் சமையல்காரருக்குத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் அவள் இரண்டு உயிர். நான் இங்கே கண்ணாடியைப் பார்த்துச் சொல்கிறவள். நீ முகத்தைப் பார்க்கிறவன். நீயே முடிவு செய்.

ஒரு சின்ன விஷயம். சமையல்காரர் ஸ்லைடில் மட்டும் படலம் ஏன் கோணல்? மற்றதெல்லாம் உன் கை, நேராக இருக்கிறது. இது ஸ்லைடை யாரும் பிடித்துக்கொள்ளாமல் ஒரு கையால் இழுத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. அவர் கையைக் காலை ஆட்டினாரோ என்னவோ.

அக்கா

ஜூலை 23

அக்காவுக்கு,

நலம்.

தனியாக எழுதச் சொன்னாய், தனியாக எழுதியிருக்கிறேன் பார், ஒரு வரிக்கு ஒரு வார்த்தை. பேப்பர் என்ன விலை தெரியுமா?

மாத்திரை போக வேண்டிய ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது. சாப்பிட்ட ஆளுக்குக் காதில் ஒரே ரீங்காரமாம். "கொசு காதுக்குள்ளேயே குடி வந்துடுச்சா?" என்று கேள்வி. மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம், மணி அடித்தால் ஸ்கூல் நடக்கிறது என்கிற மாதிரி என்று சொன்னேன். சமையல்காரரும் தேவலை. இருவரின் புது ஸ்லைடும் வைத்திருக்கிறேன். சும்மா வழக்கத்துக்குத்தான், அவசரமாகப் பார்க்க வேண்டியதில்லை.

பள்ளங்களை மூடச் சொல்லி மேஸ்திரியிடம் சண்டை போட்டேன். "பள்ளத்தை மூட மண் வேணும் சார், மண்ணுக்கு இன்னொரு பள்ளம் வெட்டணும்" என்கிறார். உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் அடிக்கடி உட்கார்ந்துகொள்கிறேன். வயசு.

அத்தான் கனவில் வந்தார். என்னைப் பார்த்து, "உங்க அக்காகிட்ட சொல்லிடாதடா" என்றார். எதை என்று கேட்பதற்குள் விழித்துவிட்டேன்.

தம்பி

ஜூலை 30

தம்பி,

அவசரமில்லை என்று எழுதினாய். பை வந்த உடனே பார்த்தேன்.

கல் உடைக்கிற அம்மாவின் ஸ்லைடு சுத்தம். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும்.

சமையல்காரரின் ஸ்லைடில் எந்தப் பக்கம் நகர்த்தினாலும் மோதிரம். அதோடு முற்றின கிருமியும் இருக்கிறது. மூளையில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியது, அங்கே இடமில்லாமல் வெளியே வந்து நிற்கிறது. தேவலை என்று எழுதுகிறாய். நான் இருபது வருஷமாக இதைப் பார்க்கிறவள்.

படலம் இந்தத் தடவை இன்னும் கோணல்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா

ஜூலை 30

சமையல்கார அண்ணனுக்கு,

உங்களை நான் பார்த்ததில்லை. கம்பவுண்டரின் அக்கா. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? பதில் வேறு யார் கையிலும் கொடுக்காமல், நீங்களே கூடையில் போட வேண்டும்.

உங்களுக்குக் காய்ச்சல் என்று உங்கள் ரத்தம் என்னிடம் வந்திருக்கிறது. எழுந்து நடக்கிறீர்களா? பேச்சு குழறுகிறதா? சிறுநீர் கறுப்பாகப் போகிறதா? தப்பாக நினைக்க வேண்டாம், ஒன்றுவிடாமல் எழுதுங்கள்.

உங்களுக்குக் காய்ச்சல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். இதைப் போய் எழுதுகிறேனே என்று என்னை மன்னியுங்கள்.

தங்கை மாதிரி,
ஒருத்தி

ஆகஸ்ட் 8

அம்மா அவர்களுக்குக் கும்பிட்டு எழுதுவது, கேம்ப்பு சமையல்காரன்.

நீங்க நல்லா இருக்கணும். எனக்கு எழுத்து அவ்வளவா வராது, கணக்குப் பிள்ளைகிட்ட சொல்லி எழுத வைக்கலாம்னா அவன் வாய் ஓட்டை. அதனால நானே எழுதுறேன், தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

எனக்குக் காய்ச்சல் இல்லம்மா. காய்ச்சல் வந்து வருஷக்கணக்கு ஆச்சு. என் விரலை யாரும் குத்தவும் இல்ல. கம்பவுண்டர் சார்தான் தன் விரலைத் தானே குத்தி, பல்லால துணியைக் கடிச்சுக்கிட்டு, ஒத்தைக் கையால கண்ணாடியில தேய்ப்பாரு. "நான் புடிச்சுக்கவா சார்?"னு கேட்டா, "உங்க கைல எண்ணெய் அண்ணே, எங்கக்கா எண்ணெயையும் கண்டுபுடிச்சிடுவா"ன்னு சிரிப்பாரு. "ஏன் சார் என் பேரைப் போடுறீங்க?"ன்னேன். "கேம்ப்புலயே உங்களுக்குத்தான் ரத்தம் ஜாஸ்தி, கொஞ்சம் கடன் குடுங்க"ன்னாரு.

நீங்க அனுப்புன மாத்திரையை முழுசா அந்தப் பொண்ணுக்குக் குடுத்துட்டாரு. நான் சண்டை போட்டேம்மா. "எங்கக்கா என்னையே முடிவு பண்ணச் சொல்லிட்டா அண்ணே, பண்ணிட்டேன்"னாரு. உங்க கிட்ட சொன்னா சோத்துல விஷம் வைப்பேன்னு மிரட்டுனாரு. சோறு ஆக்குறதே நான்தான், அந்த யோசனைகூட அவருக்கு இல்ல, காய்ச்சல் அப்படி.

முந்தாநாள்லேர்ந்து பேச்சு சரியில்ல. என்னை "அத்தான்"னு கூப்பிடுறாரு. ஆள் எழுந்திருக்கல. கூடையில படுக்க வெச்சு அனுப்பிடலாமான்னு பார்த்தோம். கம்பி தாங்காது.

ஏதாவது பண்ணுங்கம்மா.

சமையல்காரன்

ஆகஸ்ட் 11

அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம்.

உன் கேம்ப் சமையல்காரரைப் பற்றித்தான் எழுதுகிறேன். வேறு யாரைப் பற்றியும் இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காது கேட்கிற மாதிரி இதைப் படித்துக் காட்டச் சொல்.

அந்த ஆள் சின்ன வயசிலிருந்தே இப்படித்தானாம். தன் பங்கைத் தூக்கி அடுத்தவன் தட்டில் போட்டுவிட்டு, எனக்குப் பசிக்கவில்லை என்று ஏப்பம் விடுவானாம். அவனுக்கு ஒரு அக்கா இருக்கிறாள் என்று கேள்வி. வாயாடி. ஊர் வம்பெல்லாம் அவளுக்கு அத்துப்படி, தன் வீட்டு விஷயம் மட்டும் கடைசியாகத்தான் தெரியவரும். கல்லுடைக்கிறவளா, சமையல்காரரா, நீயே முடிவு செய் என்று எழுதி அனுப்பினாளாம். யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்டாளாம். அவளுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. இந்தச் சமையல்காரன் ஒருத்தன்தான் உறவு என்று இருக்கிறான். அவனும் போய்விட்டால் அவள் யாரைத் திட்டுவாள்? திட்டாமல் ஒரு நாள்கூட அவளால் உயிரோடு இருக்க முடியாது. அதை அந்தச் சமையல்காரனிடம் நன்றாகச் சொல்.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பூட்டின அலமாரி இருக்கிறதே, அதன் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்டோர்க்காரர் கெஞ்சினார். "மேலிடத்துக்கு நான் என்னம்மா பதில் சொல்வேன்?" என்றார். "உங்க வீட்டம்மாவுக்கு என்ன பதில் சொல்வீங்கன்னு யோசிச்சு வெச்சுக்குங்க" என்றேன். அப்படியும் மனுஷன் அசையவில்லை. பிறகு என் வாய்க்கு என்ன ஆனதோ, மிரட்ட வரவில்லை. "என் தம்பிங்க" என்று மட்டும் வந்தது. அவர் சாவியைத் தரையில் என் பக்கம் தள்ளிவிட்டு, மிட்டாய் டப்பாவைத் திறந்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். அவர் எழுந்து நான் பார்த்ததில்லை. கையெழுத்துப் போட்டார்.

ஊசி மருந்தும் மாத்திரையும் இந்தப் பையில். கூடவே அண்ணனுக்குத் தனியாக ஒரு சீட்டு. அவர் அதைப் படித்தபடி செய்வார். சமையல்காரனை, சமையல்காரரே பார்த்துக்கொள்வார்.

அக்கா

(சீட்டு)

அண்ணா, முழுங்க முடிந்தால் மாத்திரையைச் சர்க்கரைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். முடியாவிட்டால் தொடையின் முன்பக்கம் ஊசி. அளவு மருந்துப் பெட்டி மேலே எழுதியிருக்கிறேன். ஊசியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுங்கள். கொதிக்க வைக்க உங்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். இந்த மருந்து உடம்பில் உள்ள சர்க்கரையைக் குறைக்கும். ஆள் வியர்த்துச் சோர்ந்தால் கன்னத்துக்குள் சர்க்கரை வையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மல்லாத்த வேண்டாம். ஒரு வேளை கொஞ்சம் தள்ளிப்போனால்கூடப் பரவாயில்லை, பாதியில் நிறுத்தாதீர்கள்.

ஆகஸ்ட் 18

தம்பிக்கு,

நலமா?

பை வந்தது. உள்ளே மேஸ்திரியின் சிமெண்ட் கணக்கு மட்டும்தான் இருந்தது. இரண்டு தடவை கவிழ்த்துப் பார்த்தேன். தையலைப் பிரித்தும் பார்த்தேன். தபால்காரர் "பையை நாசம் பண்ணிட்டீங்களேம்மா" என்றார். தைத்துக் கொடுத்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி வந்து வம்பு சொன்னாள். யாரைப் பற்றி என்று ஞாபகமில்லை. என்னைப் பற்றியே சொல்லியிருந்தாலும் தெரிந்திருக்காது.

வேலைக்குப் போகிறேன். ஊரார் ரத்தத்தைப் பார்க்கிறேன். எல்லாம் ஒரே நிறமாக இருக்கிறது.

ஒரு வரி எழுது. அதுவும் முடியாவிட்டால் அண்ணனைக் கிறுக்கச் சொல். அதுவும் இல்லாவிட்டால் ஒரு கல்லையாவது பையில் போடச் சொல்.

அக்கா

ஆகஸ்ட் 27

தம்பிக்கு,

இன்றைக்குப் பை வந்தது. கடிதம் இல்லை. பஞ்சில் சுற்றின ஒரே ஒரு ஸ்லைடு.

மேஜை மேல் வைத்துவிட்டு, கை கழுவினேன். மைக்ராஸ்கோப்பைத் துடைத்தேன். துடைத்ததையே துடைத்தேன். பக்கத்து மேஜைக்காரி, "நான் பாக்கட்டுமாடி?" என்றாள். வேண்டாம் என்றேன். ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று திருப்பிப் பார்க்கவில்லை. அத்தான் தடவை படித்த பாடம், பேரைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும்.

வெறும் கண்ணுக்கே ஒன்று தெரிந்தது. படலம் கோணலில்லை. தடிமன். மாவு பிசைகிற கை இழுத்தது. நடுவில் ஒரு முழுப் பெருவிரல் ரேகை, கொஞ்சம் எண்ணெயோடு. நீ சொன்னது சரிதான், எண்ணெயையும் கண்டுபிடித்துவிட்டேன். செத்தவன் விரலைக் குத்தி யாரும் ரத்தம் அனுப்பமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னதை நம்பவில்லை. சாயம் ஏற்றும்போது கொஞ்சம் மேஜையிலும் சிந்தியது.

பார்த்தேன். மோதிரம் இல்லை. நகர்த்தினேன், இல்லை. அந்தக் கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன், ஒன்றுகூட இல்லை. அங்கங்கே வாழைப்பழ வடிவத்தில் சில கிடந்தன. முரட்டு வகை ஓடிப்போகும்போது விட்டுவிட்டுப் போவது. அது உன்னை ஒன்றும் செய்யாது. ஆனால் கொசு அதை உறிஞ்சினால், அவள் வயிற்றுக்குள் வளர்ந்து, இரண்டு வாரத்தில் இன்னொருத்தருக்குப் போய்ச் சேரும். அதற்கு வேறு மாத்திரை, இந்தப் பையில் வைத்திருக்கிறேன். இதை யாருக்கும் தானம் செய்துவிடாதே, நீயே முழுங்கு. அதுவரை வலையை விட்டு வெளியே காலை நீட்டாதே. அவள் கும்பிடு போட்டுக்கொண்டு வருவாள்.

அதற்குப் பிறகுதான் ஓரத்தைத் திருப்பினேன். பென்சில். எழுத்து ஒன்றோடொன்று ஏறி, குடித்தவன் நடக்கிற மாதிரி இருந்தது. ஆனால் உன் கை. 'சமையல்' என்று எழுதுகிற இடத்தில் 'தம்பி' என்று எழுதியிருந்தது.

அதைப் படிக்க மைக்ராஸ்கோப் தேவைப்படவில்லை. இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அப்படியும் சரியாகத் தெரியவில்லை. தூசி.

அண்ணனுக்கு என் கும்பிடு. கல் உடைக்கிற அம்மாவின் பிள்ளை பிறந்ததும் எழுது, பிள்ளைக்குச் சட்டை தைத்து வைத்திருக்கிறேன். பாலம் கட்டியதும் நீ வர வேண்டும். திட்டுவதற்கு நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன், எழுதினால் தபால் பை தாங்காது.

என் வீட்டு ரத்தத்தைப் பார்க்கமாட்டேன் என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தேனே, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

அடுத்த வாரமும் அனுப்பு. ஓரத்தில் இதையே எழுது.

இரண்டு கண்ணும் திறந்திருக்கிற
உன் அக்கா